நானோ மருந்து, கேப்ஸ்யூல், செல்லுக்குள்ள மருந்து அனுப்புறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லைபோசோம், அதாவது மருந்த பொதிஞ்சு அனுப்புற சின்ன கொழுப்பு உருண்டை, செய்யுற ஒரு லேப்ல ஆறு வருஷம் இருந்தவ. அதுக்கப்புறம் அம்மாவுக்கு சினைப்பை கேன்சர் வந்து கீமோ ஓடிட்டு இருந்தப்ப, பக்கத்து பெட்காரங்க, அவங்க பசங்க, பார்க்க வந்த சொந்தக்காரங்க, ஊர்ல பி.ஃபார்ம் படிக்குற தங்கச்சிங்க, எல்லாரும் என்கிட்ட இதப்பத்தி கேட்டாங்க, கேட்டதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்க தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டே இருந்தேன், இப்ப ஒரே இடத்துல எழுதி வைக்குறேன். அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். யாருக்கு என்ன மருந்துங்குறத உங்க டாக்டர் தான் முடிவு பண்ணணும், இது விஷயத்த புரிஞ்சுக்க மட்டும்.

அக்கா, நானோ நானோன்னு சொல்றீங்களே, எவ்ளோ சின்னதுக்கா அது?

நாம பேசப்போற உருண்டைங்க பெரும்பாலும் 50-லருந்து 150 நானோமீட்டர் வரைக்கும் இருக்கும். 100 நானோமீட்டர் உருண்டைய ஒரு கடுகு சைஸுக்கு பெருசு பண்ணி பாருங்க. அதே கணக்குல ரத்த சிவப்பணு ஒரு சாப்பாட்டு கிண்ணம் அகலத்துக்கு வரும், கொஞ்சம் பெரிய செல்லு ஒண்ணு சோத்துப் பானை அளவு இருக்கும், உங்க தலைமுடியோட தடிமன் ஒரு ஆள் உயரத்துக்கு வந்துடும். சோத்துப் பானைக்குள்ள கடுகு போற மாதிரி தான் இது செல்லுக்குள்ள போகுது. இந்த கணக்க மனசுல வச்சுக்கோங்க, கீழ அடிக்கடி தேவைப்படும்.

கேப்ஸ்யூல்னா மெடிக்கல்ல வாங்கி முழுங்குறோமே, அதானா?

பேர் ஒண்ணு, சமாச்சாரம் வேற. மெடிக்கல்ல வாங்குறது ஜெலட்டின் கூடு, வயித்துக்குள்ள போய் கரைஞ்சதும் அதோட வேலை முடிஞ்சுது. ஆராய்ச்சியில சொல்ற கேப்ஸ்யூல் கண்ணுக்கே தெரியாது, மைக்ராஸ்கோப்ல தான் பார்க்கணும், அந்த கூடு மொத்தமா ஒரு செல்லுக்குள்ள போகணும்னு செய்யுறாங்க.

செய்யுற விதம் எனக்கு ரொம்ப பிடிக்கும். ஒரு சின்ன மணிய எடுத்துக்குவாங்க, சுண்ணாம்புக்கல் இருக்குல்ல, கால்சியம் கார்பனேட், அதுலயே கூட செய்யலாம். அதுமேல ப்ளஸ் சார்ஜ் இருக்குற பாலிமர ஒரு பூச்சு, அப்புறம் மைனஸ் சார்ஜ் பாலிமர் ஒரு பூச்சு, மறுபடி ப்ளஸ், மறுபடி மைனஸ். எதிரெதிர் சார்ஜ் ஒட்டிக்கும்ல, அப்படி அடுக்கு மேல அடுக்கா ஏறிக்கிட்டே போகும். கடைசியில உள்ள இருக்குற மணிய மட்டும் கரைச்சு எடுத்துட்டா வெறும் கூடு நிக்கும். 1998 வாக்குல ஜெர்மனியில பெர்லின் பக்கத்துல இருக்குற மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல மோவால்டு குழுவுல இருந்தவங்க இத செஞ்சு காட்டுனாங்க. இதோட நல்லது என்னன்னா எந்த அடுக்குல எத வைக்கணும்னு நம்ம கையில இருக்கு, ஒரு அடுக்குல மருந்து, ஒரு அடுக்குல தங்கத் துகள், வெளி அடுக்குல முகவரி மாதிரி ஏதாச்சும் ஒண்ணு. குறை என்னன்னா பல கூடுங்க மைக்ரான் (ஆயிரம் நானோமீட்டர்) கணக்குல பெருசா இருக்கும், ரத்தத்துல விட்டா சின்ன சின்ன குழாய்ல அடைச்சுக்கும். அதனால இன்னைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்குறது இந்த கூடு இல்ல, அதவிட சின்ன கொழுப்பு உருண்டைங்க தான். இந்த கூடுங்க லேப்ல செல்லு எப்படி முழுங்குது, முழுங்குனப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு கத்துக்க ரொம்ப உதவியா இருந்துச்சு.

மருந்த நேரா ஊசியில போட்டா என்னம்மா, எதுக்கு இவ்ளோ பொதி கட்டுறது?

பக்கத்து பெட் அத்தை கேட்டது. டாக்ஸோரூபிசின்னு ஒரு கீமோ மருந்து, செக்கச்செவேல்னு இருக்கும், நிறைய பேர் பார்த்திருப்பீங்க. நேரா ஏத்துனா சில நிமிஷத்துலயே ரத்தத்த விட்டு உடம்பு பூரா பரவிடும், கட்டிக்கும் போகும் இதயத்துக்கும் போகும், ஏத்துன அளவு கூடக்கூட இதயத் தசை கெட்டுப்போகும், அதனால ஒருத்தருக்கு வாழ்நாளுக்கு இவ்ளோ தான்னு ஒரு எல்லை வச்சிருக்காங்க. கட்டி இன்னும் இருக்கும் ஆனா மருந்த நிறுத்தியாகணும்னு ஒரு கட்டம் வரும், வீட்ல இருக்குறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய வேதனைன்னு நான் சொல்லவேண்டியதில்ல.

இன்னொரு காரணம், சில மருந்து தண்ணியில கரையவே கரையாது. பேக்லிடாக்செல் அப்படித்தான். அத கரைக்க ஒருவகை ஆமணக்கு எண்ணெய் கலவையும் ஆல்கஹாலும் சேர்த்தாங்க, அந்த கலவையே சிலருக்கு கடுமையான அலர்ஜிய கொடுத்துச்சு, அதுக்காக முன்னாடியே ஸ்டீராய்டு போடணும். மூணாவது, ஆர்என்ஏ (ஜீன்ல இருக்குற தகவல செல்லுக்குள்ள சுமக்குற மூலக்கூறு) மாதிரி சமாச்சாரம் ரத்தத்துல அப்படியே விட்டா நொதிங்க அங்கேயே வெட்டிப் போட்டுடும். இந்த மூணுக்கும் பொதி தேவை, ஆனா மூணுக்கும் ஒரே பொதி ஆகாது.

இதெல்லாம் இன்னும் எலிக்கு தானே பண்றாங்க? மனுஷங்களுக்கு எப்ப வரும்?

வந்து 30 வருஷம் ஆகுது! 1960-கள்ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பக்கத்துல பாப்ரஹாம்ல அலெக் பேங்கம்னு ஒருத்தர், செல்லோட தோல்ல இருக்குற அதே வகை கொழுப்ப தண்ணியில போட்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தப்ப அது தானாவே சின்ன சின்ன பையா சுருட்டிக்குதுன்னு கண்டாங்க. அது தான் லைபோசோம். அதுக்குள்ள டாக்ஸோரூபிசின அடைச்சு, ஜெருசலேம்ல பாரன்ஹோல்ஸும் கபிசோனும் வேலை பார்த்து, 1995-ல டாக்ஸில்ங்குற பேர்ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு.

அதுல ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கு. சும்மா கலந்தா மருந்து உள்ள கொஞ்சமா தான் போகும், அதனால உருண்டைக்குள்ள முதல்லயே அம்மோனியம் சல்ஃபேட் வச்சாங்க, வெளியில விட்ட மருந்து தோல தாண்டி உள்ள போனதும் சல்ஃபேட்டோட சேர்ந்து படிகமாயிடும், படிகமானது திரும்ப வெளிய வர முடியாது. 80-100 நானோமீட்டர் உருண்டை ஒண்ணுக்குள்ள பத்தாயிரத்துக்கும் மேல மருந்து மூலக்கூறு. இத முதல் தடவ படிச்சப்ப நான் நோட்டுல படம் வரைஞ்சு வச்சுக்கிட்டேன், இன்னும் அந்த பக்கம் என்கிட்ட இருக்கு.

அப்புறம் 2005-ல ஆல்புமின் புரதத்தோட பேக்லிடாக்செல சேர்த்து அப்ராக்ஸேன், 2018-ல கல்லீரல் செய்யுற ஒரு கெட்ட புரதத்தால வர்ற பரம்பரை நோய்க்கு ஆர்என்ஏவ கல்லீரலுக்கு அனுப்புற ஆன்பேட்ரோ, 2020 கடைசியில எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய செல்லுக்கு சொல்லிக்கொடுக்குற ஆர்என்ஏ) தடுப்பூசிங்கன்னு வரிசையா வந்துச்சு.

நான் கோவிட் ஊசி ரெண்டு டோஸ் போட்டேன், எனக்குள்ள நானோ போயிருக்கா?

நீங்க போட்டது கோவிஷீல்டா கோவாக்சினான்னு பாருங்க, இந்தியாவுல பெரும்பாலானவங்களுக்கு இந்த ரெண்டுல ஒண்ணு தான். கோவிஷீல்டு தீங்கு பண்ண முடியாதபடி மாத்தின ஒரு அடினோ வைரஸ வண்டியா வச்சது, கோவாக்சின் செயலிழக்க வச்ச கொரோனா வைரஸே தான். ரெண்டுலயும் நாம பேசுற கொழுப்பு உருண்டை கிடையாது. வெளிநாட்ல இருந்து ஃபைசரோ மாடர்னாவோ போட்டிருந்தா ஆமா, அதுல இருக்கு. நம்ம ஊர்ல புனேல ஜென்னோவா செஞ்ச ஜெம்கோவேக்கும் எம்ஆர்என்ஏ தான், 2022-ல அனுமதி வாங்குச்சு, சாதாரண ஃப்ரிட்ஜ் குளிர்லயே வைக்கலாம்.

ஃபைசர், மாடர்னா உருண்டையில நாலு வகை கொழுப்பு: சார்ஜ் மாத்திக்குற ஒண்ணு, செல் தோல்ல இருக்குற மாதிரி ஒண்ணு, கொலஸ்ட்ரால், வெளியில பெக்ங்குற பாலிமர் ஒட்டுன ஒண்ணு. முதல்ல சொன்னது தான் உசுரு, ஏன்னு கீழ வரும். 2023 நோபல் பரிசு காரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் கிடைச்சது எம்ஆர்என்ஏவ உடம்பு எதிரியா பார்க்காத மாதிரி மாத்துனதுக்கு, உருண்டைய செஞ்சதுக்கு இல்ல. கனடாவுல வேன்கூவர்ல பீட்டர் கல்லிஸ் மாதிரி ஆளுங்க பல வருஷமா அந்த கொழுப்பு வேலைய பண்ணாங்க, அவங்க பேரும் வெளிய தெரியணும்னு எனக்கு ஆசை.

கருப்பு பூஞ்சை வந்தப்ப எங்க மாமாவுக்கு ஒரு ஊசி தேடி அலைஞ்சோமே, அதுவும் இதானா?

அதே தான். 2021 மே மாசம் ஊர் ஊரா தேடுனது லைபோசோமல் ஆம்போடெரிசின்-பி. மருந்து பழசு, 1950-கள்லருந்து இருக்கு, பூஞ்சைய நல்லா கொல்லும் ஆனா கிட்னிய கெடுக்கும், போட்டவுடனே நடுக்கமும் காய்ச்சலும் வரும். அதையே கொழுப்பு உருண்டையில பொதிஞ்சா கிட்னிக்கு பாதிப்பு நல்லா குறையுது, அதனால கூடுதல் அளவு கொடுக்க முடியுது. மாமா மாதிரி சர்க்கரை இருந்து ஏற்கனவே கிட்னி பாதி போனவங்களுக்கு அந்த வித்தியாசம் உசுரு விஷயம்.

இங்க ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். சாதா ஆம்போடெரிசின் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 1.5 மில்லிகிராம தாண்டவே கூடாது. லைபோசோம் வகை கிலோவுக்கு 5 போகும், கருப்பு பூஞ்சைக்கு 10 வரைக்கும் கூட போவாங்க. பேர்ல பாதி ஒண்ணா இருக்குறதால மாத்தி போட்டா ஆள் இறந்துடலாம், அப்படி நடந்தும் இருக்கு. அதனால பெட் பக்கத்துல இருக்குறவங்க பாட்டில்ல "லைபோசோமல்"னு இருக்கான்னு ஒரு தடவ படிச்சு பார்த்துட்டு நர்ஸ்கிட்ட கேட்குறதுல தப்பே இல்ல.

கட்டி எங்க இருக்குன்னு அந்த உருண்டைக்கு எப்படி தெரியும்? உள்ள சிப் கிப் ஏதாச்சும் வச்சிருக்காங்களா?

சிப் எதுவும் இல்ல. அதுக்கு எதுவும் தெரியாது, ரத்தம் போற போக்குல போகும். நல்ல ரத்தக் குழாய் சுவர்ல செல்லுங்க நெருக்கமா இருக்கும், 100 நானோமீட்டர் உருண்டை சட்டுன்னு வெளிய வர முடியாது. கட்டி அவசர அவசரமா வளருறதால அதுக்கு வர்ற குழாய்ங்க சரியா கட்டாத சுவர் மாதிரி சந்தோட இருக்கும், அது வழியா உருண்டை கசிஞ்சு உள்ள போகும், அங்க நிணநீர் வடிகாலும் சரியா இல்லாததால திரும்பிப் போகாம தங்கிடும். ஜப்பான்ல குமாமோட்டோவுல மாட்சுமுராவும் மேடாவும் 1986-ல இத எழுதுனாங்க. அதுக்கப்புறம் இந்த துறையில பாதி பேர் இத நம்பித்தான் வேலை பார்த்தோம்.

எலிக்கு தோலுக்கடியில வளர்க்குற கட்டி ஒரு வாரம் பத்து நாள்ல பெருசாகும், சந்து நிறைய இருக்கும். மனுஷங்களுக்கு வருஷக்கணக்குல வளர்ந்த கட்டியில சில பேருக்கு சந்து இருக்கும் சில பேருக்கு இருக்காது, ஒரே ஆளுக்குள்ள ரெண்டு கட்டிக்கு நடுவுலயே வித்தியாசம் இருக்கும். எலியில அருமையா வேலை செஞ்சது மனுஷங்ககிட்ட வந்து மங்கிப்போறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்ப ஊசியில ஏத்துனதுல எவ்ளோ தான் கட்டிக்கு போய் சேரும்? உண்மைய சொல்லுங்கக்கா

சொல்றேன். டொரான்டோவுல வாரன் சான் குழு பத்து வருஷம் வந்த ஆராய்ச்சி கட்டுரைங்கள மொத்தமா எடுத்து கணக்கு போட்டு 2016-ல வெளியிட்டாங்க: நடு மதிப்பு 0.7 சதவீதம். ஆயிரம் உருண்டை அனுப்புனா ஏழு. அதுவும் விலங்குல. அந்த கணக்கு போட்ட முறை சரியான்னு அப்புறம் நிறைய வாதம் நடந்துச்சு, மருந்தியல் ஆளுங்க வேற விதமா அளந்தா இன்னும் நல்லா தெரியும்னாங்க, ஆனா "நேரா கட்டிக்கே போகுது"ன்னு சொல்ற படத்துக்கும் உண்மைக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு அந்த ஒரு எண் எல்லாருக்கும் காட்டிக்கொடுத்துச்சு.

அப்ப இதனால பிரயோஜனமே இல்லையான்னு அடுத்து கேட்பீங்க. இருக்கு, ஆனா நீங்க நினைக்குற இடத்துல இல்ல. பரவுன மார்பக கேன்சர்ல சாதா டாக்ஸோரூபிசினையும் பெக் லைபோசோம் டாக்ஸோரூபிசினையும் நேருக்கு நேர் வச்சு பார்த்து 2004-ல முடிவு வந்துச்சு. உசுரோட இருந்த காலம் கிட்டத்தட்ட ஒண்ணு தான், லைபோசோம்ல 21 மாசம், சாதாவுல 22 மாசம். இதயத்துக்கு வந்த பாதிப்பு மட்டும் லைபோசோம்ல ரொம்ப குறைவு. நல்லா யோசிச்சுப் பாருங்க, பொதி கட்டுனதால மருந்து கட்டிக்குள்ள குறி பார்த்து போனதுன்னு சொல்றதவிட, போகக்கூடாத இடத்துக்கு போகாம இருந்ததுன்னு சொல்றது தான் சரி. அம்மாவுக்கு இத விளக்குனப்ப அவங்க கேட்டது, "அப்ப இது ஈட்டி இல்லடி, உறை". இதவிட சரியா எந்த பேராசிரியரும் எனக்கு சொல்லல.

மீதி 99 எங்க போகுது?

பெரும்பாலும் கல்லீரல், மண்ணீரல். சுமார் 6 நானோமீட்டருக்கு கீழ இருந்தா கிட்னி வடிகட்டி வெளிய தள்ளிடும், 200-க்கு மேல போனா மண்ணீரல் சல்லடை புடிச்சுக்கும், நடுவுல இருக்குறத கல்லீரல்ல உக்காந்திருக்குற முழுங்கி செல்லுங்க தின்னும். ரத்தத்துல வர்ற குப்பை, கிருமி எல்லாத்தையும் அது தான் எடுத்துட்டு இருக்கு, நம்ம உருண்டைய மட்டும் ஏன் விடப்போகுது. பெக்னு ஒரு பாலிமர சுத்தி முடி மாதிரி நட்டுவைக்குறது இதுக்குத்தான், தண்ணிய இழுத்து வச்சுக்கிட்டு மத்த புரதம் ஒட்டாம பார்த்துக்கும், டாக்ஸில் ரத்தத்துல ரெண்டு நாளுக்கும் மேல சுத்துறது அதனால தான்.

ஆனா இதே தொல்லை ஒரு நோய்க்கு வரமாச்சு. கலா-அசார், பீகார் பக்கம் ஏழைங்கள வாட்டுன நோய், அந்த ஒட்டுண்ணி குடியிருக்குறதே கல்லீரல் மண்ணீரல்ல இருக்குற முழுங்கி செல்லுக்குள்ள தான். லைபோசோம அந்த செல்லுங்க தானா தேடி முழுங்கும், முகவரி எழுதவே வேண்டாம். முசாஃபர்பூர்ல நடந்த ஆய்வு 2010-ல வந்துச்சு: சாதா ஆம்போடெரிசின் ஒருநாள் விட்டு ஒருநாள்னு 15 ஊசி, கிட்டத்தட்ட ஒரு மாசம். லைபோசோம் வகை கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே ஒரு ஊசி. குணமானவங்க ரெண்டு பக்கமும் 95-96 சதவீதம். கூலி வேலைக்கு போற ஒருத்தருக்கு ஒரு மாசம் ஆஸ்பத்திரியில படுக்குறதுக்கும் ஒரு நாள் படுக்குறதுக்கும் என்ன வித்தியாசம்னு நமக்கு தெரியும். இந்த துறையில எனக்கு ரொம்ப பிடிச்ச வெற்றி எதுன்னு கேட்டா கேன்சர் இல்ல, இதத்தான் சொல்வேன்.

சரி, கேன்சர் செல்ல மட்டும் புடிக்குற ஆன்டிபாடிய வெளியில ஒட்டி விட்டா நேரா போய் ஒட்டிக்கும்ல?

பி.ஃபார்ம் பசங்க எல்லாரும் கேட்குறது, நானும் முதல் வருஷம் இதையே தான் நினைச்சேன். ஆன்டிபாடிங்குறது வாசல்ல மாட்டுற கொக்கி, தெருவுல வழி காட்டாது. உருண்டை கட்டி பக்கத்துல வர்றதே மேல சொன்ன கசிவால தான், வந்தப்புறம் தான் கொக்கி செல்லோட மாட்டும், உள்ள இழுக்க உதவும். வந்து சேர்ற எண்ணிக்கை பல தடவ பெருசா கூடுறதில்ல.

அதோட ரத்தத்துல விட்ட நிமிஷமே புரதங்க வந்து மேல அப்பிக்கும், நாம பாத்து பாத்து ஒட்டுன கொக்கி அதுக்கடியில மூழ்கிப்போயிடும். செல்லு பார்க்குறது நாம செஞ்ச உருண்டைய இல்ல, புரதம் போர்த்துன உருண்டைய. புரோஸ்டேட் கேன்சர் செல்லுல இருக்குற பிஎஸ்எம்ஏ புரதத்த குறி வச்சு பைண்ட்-014னு ஒண்ணு மனுஷங்ககிட்ட சோதனை வரைக்கும் போச்சு, எதிர்பார்த்த அளவு பலன் வரல, செஞ்ச கம்பெனி 2016-ல திவால் மனு போட்டுச்சு. அறிவாளிங்க, காசு, நல்ல எலி முடிவு எல்லாம் இருந்தும்.

இதுக்கு நேர்மாறா ஆன்பேட்ரோ கதை. அது மேல கொக்கியே கிடையாது. ரத்தத்துல இருக்குற அபோ-ஈங்குற புரதம் தானா வந்து ஒட்டிக்கும், அபோ-ஈ வழக்கமா கொழுப்ப கல்லீரல் செல்லுக்கு கொண்டுபோய் விடுற ஆளு, அதனால கல்லீரல் செல்லு நம்ம உருண்டைய சாதாரண கொழுப்புன்னு நினைச்சு உள்ள எடுத்துக்கும். உடம்பே முகவரி எழுதிக்கொடுத்துடுச்சு!

செல்லுக்குள்ள போயிட்டா அவ்ளோ தானே, வேலை முடிஞ்சுது?

இல்லவே இல்ல, உண்மையான சண்டை அங்க தான் ஆரம்பிக்குது. இந்த பக்கத்துல ஒரே ஒரு பதில் தான் படிப்பேன்னா இத படிங்க. செல்லு கதவ திறந்து "வாங்க"ன்னு கூப்புடாது. தன் தோலையே குழியா மடிச்சு, உருண்டைய அதுக்குள்ள வச்சு, ஒரு சின்ன பையா கிள்ளி உள்ள இழுக்கும். அந்த பை பேர் எண்டோசோம். இப்ப நம்ம மருந்து செல்லுக்குள்ள இருக்கு, ஆனா பைக்குள்ள இருக்கு. பழைய வீட்ல வாசப்படி தாண்டி ரேழியில நிக்குற மாதிரி, கூடத்துக்கு இன்னும் வரல. அந்த ரேழி கொஞ்சம் கொஞ்சமா புளிச்சு ஆசிட் ஆகிட்டே போகும், கடைசியில லைசோசோம், அது செல்லோட வயிறு, எல்லாத்தையும் செரிச்சுடும்.

ஆர்என்ஏ வேலை செய்யணும்னா பைய விட்டு வெளிய, செல்லோட உள் திரவத்துக்கு வரணும். 2013-ல ஒரு ஆய்வுல கொழுப்பு உருண்டையில ஏத்துன சின்ன ஆர்என்ஏவ தங்கத் துகளோட சேர்த்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல ஒண்ணொண்ணா எண்ணிப் பார்த்தாங்க, வெளிய தப்பிச்சது 1-லருந்து 2 சதவீதம். செல்லுக்குள்ள போனதுலயே 1-2! அவ்ளோ கம்மியா போயும் ஆன்பேட்ரோ மாதிரி மருந்து வேலை செய்யுதுன்னா அந்த ஆர்என்ஏ எவ்ளோ பலமான சமாச்சாரம்னு பார்த்துக்கோங்க.

மேல தடுப்பூசி கேள்வியில சார்ஜ் மாத்திக்குற கொழுப்பு தான் உசுருன்னு சொன்னேன்ல, காரணம் இது. ரத்தத்துல பிஎச் 7.4, அங்க அதுக்கு சார்ஜ் இல்ல, சாதுவா இருக்கும். எண்டோசோம்ல பிஎச் 6-க்கு பக்கத்துல இறங்குனதும் அது ப்ளஸ் ஆகும், பையோட சுவர்ல இருக்குற மைனஸ் கொழுப்போட இழுத்து புடிச்சு சுவர கலைக்கும், அந்த கலவரத்துல கொஞ்சம் ஆர்என்ஏ வெளிய நழுவும். எப்பவுமே ப்ளஸ்ஸா இருக்குற கொழுப்பு முன்னாடி போட்டு பார்த்தாங்க, அது ரத்தத்துலயும் செல் தோல்லயும் போய் ஒட்டி நச்சா இருந்துச்சு. அதனால தேவையான இடத்துல மட்டும் சார்ஜ் வர்ற கொழுப்ப தேடி நூத்துக்கணக்குல செஞ்சு செஞ்சு பார்த்திருக்காங்க.

லைட் அடிச்சு திறக்கலாம், சூடு காட்டி திறக்கலாம்னு படிச்சேனே, அது வேலைக்கு ஆகுமா?

ரெண்டாவது கேள்வியில அடுக்கு கேப்ஸ்யூல் சொன்னேன்ல, அந்த சுவர்ல தங்கத் துகள் வச்சு, செல்லு முழுங்குனப்புறம் லேசர் அடிச்சா தங்கம் சூடாகி சுவர் ஓட்டையாகும், உள்ள இருக்குறது வெளிய கொட்டும். அந்த மேக்ஸ் பிளாங்க் ஆளுங்களே 2006-ல உயிருள்ள செல்லுக்குள்ள செஞ்சு காட்டிட்டாங்க. ரேழியில மாட்டிக்குற பிரச்சனைக்கு ரொம்ப அழகான பதில் அது. ஆனா லைட்டு உடம்புக்குள்ள ரொம்ப ஆழமா போகாது, கல்லீரல் நடுவுல இருக்குற கட்டிக்கு எப்படி அடிப்பீங்க?

சூட்டுக்கு ஒரு நிஜ உதாரணம் தெர்மோடாக்ஸ், 40 டிகிரி தாண்டுனா உருகி மருந்த விடுற லைபோசோம். கல்லீரல் கட்டிய ஊசி வச்சு சுடுற சிகிச்சையோட சேர்த்து கொடுத்தாங்க. 2013-ல பெரிய சோதனையில தோத்துச்சு, மறுபடி 2020-லயும் தோத்துச்சு. யோசனை தப்புன்னு நான் நினைக்கல, சூடும் மருந்தும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல போதுமான நேரம் இருக்கணும், ஆஸ்பத்திரி நடைமுறையில அத கொண்டுவர்றது கஷ்டம்.

உடம்புலயே தங்கிடுமா? சைடு எஃபெக்ட் உண்டா?

எதுல செஞ்சதுங்குறத பொறுத்தது. கொழுப்பு, ஆல்புமின் எல்லாம் உடம்பு உடைச்சு எடுத்துக்கும். தங்கம் மாதிரி உலோகம் கல்லீரல்ல ரொம்ப நாள் தங்கும், அதனால தான் அந்த வகைக்கு அனுமதி வாங்குறது கஷ்டம். இந்தியாவுல 2019-ல உயிரி தொழில்நுட்பத் துறை நானோ மருந்துங்கள எப்படி சோதிக்கணும்னு தனி வழிகாட்டுதலே போட்டிருக்காங்க.

சைடு எஃபெக்ட் உண்டு, சில சமயம் பொதியாலயே புதுசா வரும். டாக்ஸில் வகையில உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து எரிஞ்சு தோல் உரியும், மருந்து ரெண்டு நாள் சுத்திட்டே இருக்குறதால தோல்லயும் கொஞ்சம் கொஞ்சமா கசியுது. அம்மாவுக்கு ரெண்டாவது சுத்துல வந்துச்சு, சுடுதண்ணி, இறுக்கமான செருப்பு, துணிய அடிச்சு துவைக்குறது எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்க, கொஞ்சம் அடங்குச்சு. இன்னொண்ணு, முதல் தடவ ஏத்தும்போது சிலருக்கு முகம் சிவக்குறது, மூச்சு இறுக்குறது வரலாம், அதனால தான் ஆரம்பத்துல சொட்டு சொட்டா மெதுவா ஏத்துவாங்க. "சீக்கிரம் முடிச்சு விடுங்க சிஸ்டர்"னு அவசரப்படுத்தாதீங்க.

நம்ம சித்தர்கள் பற்பம்னு அப்பவே நானோ செஞ்சுட்டாங்களே, அப்ப இதுல என்ன புதுசு?

பெரியப்பா கேட்டது. அவர் கேள்விய நான் மதிக்குறேன். சில பற்பங்கள எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்து நானோ அளவு துகள் இருக்குன்னு ஆராய்ச்சி கட்டுரைங்க வந்திருக்கு, புடம் போட்டு புடம் போட்டு உலோகத்த அவ்ளோ நுணுக்கமா ஆக்குன கை வேலை சாதாரணமில்ல. ஆனா சின்னதா இருக்குறது வேற, ஒரு இடத்துக்கு சொல்லி அனுப்புறது வேற. மேல பார்த்தீங்கள்ல, சைஸ் சரியா இருந்தும் எங்க போகும், எப்ப திறக்கும், பைய விட்டு வெளிய வருமான்னு எத்தன படி இருக்கு, அந்த ஒவ்வொரு படியையும் அளந்து பார்த்தா தான் பற்பம் எந்த நோய்க்கு உதவும்னு சொல்ல முடியும். கீமோ நடக்கும்போது பற்பம் சாப்புடுறதா இருந்தா கண்டிப்பா கேன்சர் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஏற்கனவே கல்லீரலும் கிட்னியும் பாரம் சுமந்துட்டு இருக்கு.

சாதா கீமோ வேணாம், நானோ கீமோ போடுங்கன்னு டாக்டர்கிட்ட கேட்கலாமா?

கேட்கலாம், ஆனா "எது நல்லது"ன்னு கேட்காம "எனக்கு இதயம் எப்படி இருக்கு, இதுவரைக்கும் எவ்ளோ ஏறியிருக்கு, என் வகை கேன்சருக்கு லைபோசோம்ல என்ன கூடுதல்"னு கேளுங்க. சிலருக்கு சாதா மருந்தே சரி. விலை கணிசமா கூட, ஆனா டாக்ஸில் மாதிரி மருந்த இந்திய கம்பெனிங்களும் செய்யுறாங்க. 2012-ல அமெரிக்காவுல டாக்ஸில் தட்டுப்பாடு வந்தப்ப சன் ஃபார்மாவோட லிபோடாக்ஸ தான் அங்க இறக்குமதி பண்ண விட்டாங்க, அடுத்த வருஷம் அவங்க ஜெனரிக்குக்கு அனுமதியும் கொடுத்தாங்க. அதனால இந்தியாவுல செஞ்சதுன்னா மட்டம்னு நினைக்காதீங்க.

மூளைக்கு போகுமா?

ரொம்ப கஷ்டம். மூளைக்கு போற ரத்தக் குழாய் சுவர் உடம்புலயே இறுக்கமானது, உருண்டை தானா கசிய வழி இல்ல. ஆராய்ச்சி நிறைய நடக்குது, எலியில நல்ல முடிவும் வந்திருக்கு, எலி பத்தி மேல சொன்னத இதுக்கும் சேர்த்து படிச்சுக்கோங்க.

அடுத்து என்ன வரும்? கேன்சர விட்டுட்டு வேற எதுக்காச்சும் ஆகுமா?

ஆகும், ஆகிட்டும் இருக்கு. 2021-ல கொழுப்பு உருண்டையில கிரிஸ்பர் ஜீன் வெட்டுற கருவிய ஏத்தி ஆன்பேட்ரோ கொடுக்குற அதே நோய்க்கு கொடுத்தாங்க, கல்லீரல் செய்யுற அந்த கெட்ட புரதம் ஒரே ஊசியில ரத்தத்துல பெருமளவு குறைஞ்சுது. 2025-ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல பிறந்ததுலருந்தே அம்மோனியாவ வெளியேத்த முடியாத ஒரு குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தையோட ஜீன்ல இருந்த எழுத்துப் பிழைய திருத்துறதுக்குன்னே ஒரு மருந்த ஆறு மாசத்துல செஞ்சு, கொழுப்பு உருண்டையில வச்சு மூணு தடவ கொடுத்தாங்க. வைரஸ வண்டியா வச்சிருந்தா மூணு தடவ கொடுக்குறது கஷ்டம், முதல் தடவையே உடம்பு அடையாளம் கண்டு அடுத்த தடவ விடாது. அந்த செய்தி வந்த அன்னைக்கு நான் அழுதுட்டேன்.

ஆனா கவனிச்சீங்களா, ரெண்டுமே கல்லீரல். அந்த குழந்தையோட பிழை கல்லீரல்ல இருந்துச்சு, உருண்டை தானா போற இடமும் அது தான். நுரையீரல் செல்லு, தசை, மூளைன்னு இருக்குற பரம்பரை நோய்க்காரங்க இன்னும் காத்துட்டு இருக்காங்க. டெக்சாஸ்ல ஒரு குழு 2020-ல நாலு கொழுப்போட அஞ்சாவதா ஒண்ண சேர்த்து, அதோட சார்ஜ மாத்தி மாத்தி எலியில நுரையீரலுக்கும் மண்ணீரலுக்கும் திருப்பி விட்டு காட்டுனாங்க, கொக்கி எதுவும் இல்லாம, வெறும் கொழுப்ப மாத்தி. எங்க பழைய லேப்ல இப்ப இருக்குற பொண்ணுங்க அந்த அஞ்சாவது கொழுப்ப வச்சுத்தான் வேலை பார்க்குறாங்க, புதுசா ஏதாச்சும் தெரிஞ்சா இங்கயே சேர்க்குறேன்.